சக்கர நாற்காலியில் வந்த ஆறுதல்



யூபிலி மலரில் கோயில் கட்டிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், உதவிய நல்லோரின் பெயர்களும் இடம்பெறுவது முறை. நோயாளியின் கட்டிலருகே நடந்த வரலாற்றை எழுதி வைப்பார் இல்லை. நற்கருணையை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குச் செல்லும்போது நாம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "சாமி, நாங்க யாருக்கு என்ன கெடுதல் செஞ்சோம்? எங்களுக்கு ஏன் இந்தக் கஷ்டம்?" தோல் பதனிடும் ஆலையில் உழைத்து ஓய்ந்தவரும் கேட்கிறார், ஷூ கம்பெனிக்குப் போன பிள்ளையைச் சாலை விபத்தில் பறிகொடுத்த தாயும் கேட்கிறார். இக்கேள்விக்குச் சொல்லால் விடை கூறுவது கடினம். நம் வேலூர் மண்ணில் ஒருவர் தம் வாழ்வால் விடை கூறினார். அந்த வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்கிறோம்.

ஒரு மருத்துவரின் சிலுவை

நம் வேலூர் மறைமாவட்டம் உருவானது 1952-ஆம் ஆண்டில். அதற்குப் பின், 1954 சனவரி 30 அன்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணமாகச் சென்ற வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தின் செறாயியில் 1925-இல் பிறந்தவர். முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு அடிபட்டது, இடுப்புக்குக் கீழ் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வயது இருபத்தெட்டு. அவர் கால்கள் மீண்டும் நடக்கவே இல்லை.

அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் பிற சபைச் சகோதரரிடம் விளங்கும் கிறிஸ்தவ நற்பேறுகளை மகிழ்வோடு ஏற்றுப் போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நமக்குக் கற்பித்துள்ளது.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி வந்தவர். மேரியின் கால்கள் போயின, கைகள் இருந்தன. கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? அந்த வழி அவருக்குத் திறந்தது.

தொழுநோய் நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி காலில் ஏறினாலும் நோயாளி உணரமாட்டார். புண் புரையோடும், விரல்கள் அழியும். தோலும் செருப்பும் அறிந்த நம் மக்களுக்கு இது எளிதில் விளங்கும்: கெட்டியான அடித்தோலும் ஆணியும் கொண்ட செருப்பு அவர்களுக்குப் பகை. எனவே வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும், ஆணியின்றி மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் அவர்களுக்கென்று செய்யப்பட்டன. கையின் வழி வேறு. செயலிழந்த தசைக்குப் பதிலாக, முன்கையில் நலமாய் உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்குத் திருப்பி இணைப்பார்கள். பல வாரப் பயிற்சிக்குப்பின் அந்தக் கை சோற்றைப் பிசைந்து உண்ணும்.

இந்த அறுவைச் சிகிச்சையைத்தான் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி செய்தார். ஊர் ஒதுக்கிய நோயாளிக்கு முன் வந்து நின்றவர் அல்லர், அமர்ந்தவர் அவர்! தம்மைப் போலவே உடல் குலைந்த ஒருவர் தம் கையைப் பிடிப்பதை அந்த நோயாளிகள் கண்டார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றுத் திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த ஏழைத் தொழிலாளரும் அங்கே எழுந்து உட்காரவும், சக்கர நாற்காலியில் நடமாடவும், பிழைக்க ஒரு தொழில் பழகவும் கற்றனர். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-இல் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு உரிய பாடம்

இதிலிருந்து நாம் அறிவது யாது? துன்பம் நீங்கிய பிறகு அவருக்கு ஆறுதல் வரவில்லை. துன்பத்தோடு பிறருக்குப் பயன்பட்டபோது வந்தது. நாம் துன்பத்தில் பெறும் ஆறுதல், துன்புறும் பிறருக்கு ஆறுதல் அளிப்பதற்கே என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருள் இதுவே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981-இல் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தவர், 1984-இல் துன்பத்தின் பொருள் குறித்துத் திருமடல் வரைந்தார். அதன் நிறைவுப் பகுதியில் நல்ல சமாரியனின் உவமையை எடுத்து விளக்குகிறார். அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டு நின்று உதவுபவனே அயலான்.

ஆகவே இறைமக்களே, துன்புறுவோரிடம், "இது உன் பாவத்துக்குத் தண்டனை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பிறவிக் குருடனைக் குறித்துச் சீடர்கள் அப்படிக் கேட்டபோது ஆண்டவர் அதை மறுத்துவிட்டார். யோபின் நண்பர்கள் செய்த நற்செயல் அவரோடு ஏழு நாள் வாய் பேசாமல் அமர்ந்திருந்ததே. வாய் திறந்த பின்தான் புண்படுத்தினார்கள். மனிதர் கவனக்குறைவால் விளையும் துன்பத்தை இறைவன் சித்தம் என்று மூடி மறைப்பதும் தகாது. 2015-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களுக்காகச் செபிப்பது நம் கடமை. அப்படி இன்னொரு முறை நேராதிருக்கக் குரல் கொடுப்பதும் நம் கடமையே.

பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். அதுவே 1993 முதல் உலக நோயாளர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. யூபிலியின் பயனாக, அந்நாளிலாவது நம் பங்கின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் செல்லட்டும். கேள்விக்கு விடை தேடிச் செல்ல வேண்டாம். கஞ்சி கொண்டு செல்லுங்கள். சற்று நேரம் அருகில் உட்காருங்கள். சேர்ந்து ஒரு செபமாலை சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவர்களே, உங்கள் செபம் இந்தப் பங்கைத் தாங்குகிறது என்பதை மறவாதீர்கள்.

துயருறுவோருக்கு ஆறுதலான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக! இறைவன் நம் அனைவரையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக!

— பங்குத்தந்தை