ஒரு மீனும் இரு ஏரிகளும்: பாஸ் தூண்டிலின் கதை

2009 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2 ஆம் திகதி, யப்பானின் மிகப்பெரிய ஏரியான பிவாவில் மனாபு குரிட்டா என்பவர் தூண்டிலிட்டு ஒரு மீனைப் பிடித்தார். பெரியவாய்ப் பாஸ் எனப்படும் நன்னீர் மீன் அது. எடை 22 இறாத்தல் 4.97 அவுன்ஸ், அதாவது 10.12 கிலோகிராம். அதற்கு 77 ஆண்டுகளும் ஒரு மாதமும் முன்னர், 1932 ஜூன் 2 ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்ற இருபது வயது இளைஞர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்திருந்தார். முக்கால் நூற்றாண்டாக எவராலும் எட்டப்படாதிருந்த அந்தச் சாதனையைக் குரிட்டாவின் மீன் எட்டியது. ஆனால் முறியடிக்கவில்லை. 25 இறாத்தலுக்குக் குறைந்த மீனாயின் பழைய சாதனையை இரண்டு அவுன்ஸாவது விஞ்ச வேண்டும் என்பது சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி. குரிட்டாவின் மீன் விஞ்சியது ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே. எனவே இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொள்வதாக 2010 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

செய்தி என்ற வகையில் இது விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடக்கூடியது. ஆயினும் இந்த இரு மீன்களுக்கும் இடையே கிடக்கும் வரலாறு, தூண்டில் தடியைக் கையில் எடுக்கும் எந்த இளைஞனும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என நான் கருதுகின்றேன். பையன்களும் ஏழைகளும் கைத்தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கை உருவாக்கிய கதை அது. அந்தப் பொழுதுபோக்கு கடல் கடந்து சென்று மற்றொரு நாட்டு ஏரியைப் பாழாக்கிய கதையும் அதுவே.

முதலில் ஒரு விளக்கம். எமது களப்புகளில் பிடிபடும் கொடுவாயையும் ஆங்கிலத்தில் பாஸ் என்ற பெயர் சேர்த்தே அழைப்பர். ஆனால் அதற்கும் அமெரிக்கப் பாஸுக்கும் உறவில்லை. அமெரிக்கப் பாஸ் வட அமெரிக்க ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியது. குணத்தில் எமது குளங்களின் விராலுக்கு ஓரளவு நிகரானது. பாசியிலும் விழுந்து கிடக்கும் மரங்களின் நிழலிலும் பதுங்கியிருந்து, அருகே வரும் தவளையையோ சிறுமீனையோ ஒரே பாய்ச்சலில் விழுங்கும். விராலைப் போலவே முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். பாஸில் அந்தக் காவல் ஆண் மீனின் பொறுப்பு.

மணிக்கூட்டுக்காரரின் கைவண்ணம்

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கனவான்கள் தமது பழக்கப்படி டிரவுட் மீனையே மதித்தனர். பாஸ் சாதாரண மக்களின் மீனாகவே இருந்தது. அம்மீனுக்கென்றே பொருத்தமான கருவியொன்று 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தது. பாரிஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜோர்ஜ் ஸ்னைடர் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி, பற்சக்கரங்களைப் பொருத்திய நூற்சுருளியைச் செய்தார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் சுருளி பல முறை சுழலும். தூரத்தில் எறிந்த இரையை விரைவாக இழுத்தெடுக்க அது வழிசெய்தது. கென்டக்கி ரீல் எனப் புகழ்பெற்ற அதனைப் பின்னர் மீக் சகோதரர்கள் நகைக்கு நிகரான நுட்பத்துடன் செய்து விற்றனர்.

1881 இல் ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர் பாஸ் மீனைப் பற்றித் தனிநூலொன்றை வெளியிட்டார். அம்மீனின் இயல்பு, அதற்கேற்ற தடி, நூல், இரை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்த அந்நூல், பாஸை டிரவுட்டுக்கு நிகராக உயர்த்தியது. அதன் பின்னர் மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் செதுக்கிய தவளை வந்தது. ஆலைக்குட்டையருகே அமர்ந்து மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தவர் அதனை நீரில் எறிந்ததாகவும், பாஸ் ஒன்று பாய்ந்து கவ்வியதாகவும் சொல்வார்கள். அது உண்மையோ கட்டுக்கதையோ, 1890 களில் அவர் தொடங்கிய தொழிலிலிருந்து செயற்கை இரை பெருந்தொழிலாகியது.

இரண்டு பேருக்கு ஒரே இரை

ஜோர்ஜ் பெரியின் காலம் பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். தந்தையை இழந்து குடும்பப் பாரத்தைச் சுமந்த இளம் விவசாயி அவர். மழையினால் உழ முடியாத ஒரு நாளில், நண்பர் ஒருவருடன் மொன்ட்கொமரி ஏரி எனப்படும் ஆற்றுமடுவுக்குச் சென்றார். இருவருக்கும் இடையே இருந்தது ஒரேயொரு செயற்கை இரை என்பது அவர் பிற்காலத்தில் சொன்ன விபரம். பிடித்த மீன் ஊர்த் தபாலகத் தராசில் நிறுக்கப்பட்டது. பின்னர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உண்டார்கள். சஞ்சிகையொன்று நடத்திய போட்டிக்கு எடையை எழுதியனுப்பியதில் 75 டொலர் பெறுமதியான பொருட்கள் பரிசாகக் கிடைத்தன.

ஆதாரங்களைத் தேடியே பழக்கப்பட்ட பத்திரிகைக்காரனுக்கு இவ்விடத்தில் ஒரு தயக்கம் எழும். மீன் எஞ்சவில்லை. ஐயத்துக்கிடமற்ற புகைப்படமும் இல்லை. எஞ்சியிருப்பது சாட்சிகளின் சொல் மட்டுமே. குரிட்டாவோ பொய் கண்டறியும் கருவியின் சோதனைக்கும் உட்பட வேண்டியிருந்தது. ஆயினும் பெரியின் சாதனையை நிராகரிக்க எவருக்கும் வலுவான காரணம் கிடைக்கவில்லை. வறிய வீட்டுப் பிள்ளை உணவுக்காகப் பிடித்த மீன் என்பதனாலேயே அமெரிக்கச் சிறுவர்கள் அக்கதையை நேசித்தனர்.

சிறுவர் கைக்கு வந்த கருவி

1930 களில் தொடங்கி அமெரிக்க அரசு கட்டிய அணைகள், தென்மாநிலங்களெங்கும் பெரும் நீர்த்தேக்கங்களை உருவாக்கின. பாஸ் அவற்றில் பெருகியது. அதே தசாப்தத்தில் நைலோன் கண்டுபிடிக்கப்பட்டு, நாம் தங்கூசி என்றழைக்கும் ஒற்றையிழை நூல் சந்தைக்கு வந்தது. அதுவரை பட்டு நூலை ஒவ்வொரு நாளும் உலர்த்திப் பாதுகாக்க வேண்டியிருந்தது.

1949 ஆம் ஆண்டை நான் தனியாகக் குறிப்பிடுவேன். அவ்வாண்டில் ஒஹையோ மாநிலத்து நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, தமது மனைவியுடன் வீட்டுச் சமையலறையில் மென்பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழுவின் வடிவில் வார்த்தெடுத்தார். அதே ஆண்டில் ஒக்லஹோமாவின் துல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்கான வெடிகளைச் செய்துவந்த கம்பனியொன்று மூடிய முகமுடைய ரீலை விற்பனைக்கு விட்டது. அதனை வடிவமைத்தவர் ஆர். டி. ஹல் என்ற டெக்சாஸ் மணிக்கூட்டுக்காரர். பழைய ரீலில் சுருளியே சுழல்வதால், பழகாத கைகளில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிவிடும். ஹல் செய்த ரீலில் சுருளி அசைவதில்லை. நூல் மட்டுமே அதன் முனையிலிருந்து கழன்று செல்லும். பெருவிரலால் பொத்தானை அழுத்தி, வீசும்போது விட்டால் போதும். ஏழு வயதுப் பிள்ளையும் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம்.

இன்றும் பாஸ் பிடிக்கத் தொடங்கும் சிறுவனுக்குச் சொல்லப்படும் அறிவுரை இதனைப் பெரிதும் தாண்டுவதில்லை. ஐந்தரை அல்லது ஆறடி நீளத் தடி, மூடிய ரீல், எட்டு முதல் பத்து இறாத்தல் தாங்கும் நூல், சில பிளாஸ்டிக் புழுக்கள். நூலில் துப்பாக்கிக் குண்டு வடிவிலான சிறு ஈயத்தைக் கோத்து, அதன் கீழே தூண்டில் முள்ளைக் கட்டி, முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். டெக்சாஸ் முறை எனப்படுவது இதுதான். முனை வெளியே தெரியாததால் பாசியிலும் கிளையிலும் சிக்காது. அதிகாலையிலும் அந்தியிலும் மறைவிடங்களின் ஓரமாக எறிந்து, புழுவை அடிவரை இறங்கவிட்டு, மெல்லத் தூக்கித் தூக்கி இழுக்க வேண்டும். நூலில் இரண்டு தட்டுகள் உணரப்படும். உடனே வெட்டி இழுக்காமல், தளர்ந்த நூலைச் சுற்றியெடுத்த பின்னரே தடியை உயர்த்த வேண்டும். இப்பொறுமையைக் கற்க வைப்பதே மிகக் கடினமான பாடம் என்பர் அனுபவசாலிகள்.

விடுவித்தலும் விலக்கலும்

1967 இல் ரே ஸ்கொட் என்ற அலபாமா காப்புறுதி முகவர், ஆர்க்கன்சாஸின் பீவர் ஏரியில் பாஸ் பிடிக்கும் பெரும் போட்டியொன்றை நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் தூண்டிற்காரருக்கென ஓர் அமைப்பை நிறுவினார். போட்டிகளில் மீன்கள் குவியலாகச் செத்துக் கிடப்பது கண்டனத்துக்குள்ளாகவே, 1972 இல் பிடித்த மீனை உயிருடன் திருப்பி விடும் வழக்கத்தைப் புகுத்தினார். படகுகளில் காற்றூட்டிய நீர்த்தொட்டிகள் வந்தன. கையை நனைத்துக்கொண்டு, கீழ்த்தாடையைப் பிடித்து, நீண்ட நேரம் நீருக்கு வெளியே வைக்காமல் விடுவிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கமாயிற்று.

இனி யப்பானுக்கு வருவோம். அகபோஷி தெட்சுமா என்ற செல்வந்தர் 1925 இல் கலிபோர்னியாவிலிருந்து பாஸ் மீன்களைக் கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். காலப்போக்கில், பெரும்பாலும் தூண்டிற்காரரின் கைகளாலேயே, அம்மீன் நாடெங்கும் பரவி பிவாவையும் அடைந்தது. பிவா மிகத் தொன்மையான ஏரி. வேறெங்குமில்லாத மீனினங்கள் அங்கு உண்டு. அவற்றுள் ஒன்றான நிகோரோபுனாவைச் சோற்றுடன் சேர்த்து நொதிக்கவைத்துச் செய்யும் புனாசூஷி, அக்கரையோர மக்களின் பாரம்பரிய உணவு. அந்நிய மீன்கள் பெருகிய காலத்தில் அம்மீன் அருகியது. கரையோரச் சதுப்புகளின் அழிவும் அதற்கொரு காரணம்.

பாஸ் தனியாக வரவில்லை. அதன் உறவுமீனான நீலச்செவுள் மீன், 1960 இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ நகர மேயர் வழங்கிய அன்பளிப்பு. உணவு மீனாக வளர்க்கலாம் என்ற நல்லெண்ணத்தில் இளவரசர் அதனை ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். அதுவும் பரவி பிவாவை நிறைத்தது. 2007 நவம்பரில், பிவா அமைந்துள்ள ஷிகா மாவட்டத்துக்கு வந்த அகிஹிட்டோ, அப்போது பேரரசர், அதற்காகத் தமது மனவருத்தத்தைப் பகிரங்கமாகத் தெரிவித்தார். மீனியல் ஆய்வாளருமான மன்னர் ஒருவர் இவ்வாறு பேசியது உலகில் அரிதான நிகழ்வு. இரண்டாண்டுகள் கழித்துக் குரிட்டா அந்தச் சாதனை மீனைப் பிடித்தது உயிருள்ள நீலச்செவுள் மீனை இரையாக இட்டே.

ஷிகா மாவட்டம் 2003 முதல் பிவாவில் பிடிபடும் பாஸையும் நீலச்செவுளையும் மீண்டும் ஏரியில் விடுவதைத் தடைசெய்துள்ளது. 2005 இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டம் அவற்றை உயிருடன் கொண்டுசெல்வதையும் வளர்ப்பதையும் விலக்கியது. அமெரிக்கச் சிறுவனுக்கு நல்லொழுக்கமாகக் கற்பிக்கப்படும் அதே செயல், யப்பானியச் சிறுவனுக்குச் செய்யக்கூடாத செயல். இரண்டும் சரியே என்பது எனது கருத்து. எந்த நீரில் எந்த மீன் உரிமையுடன் வாழ்கிறது என்பதே இங்கு கேள்வி.

இலங்கையராகிய நாம் இதனைத் தொலைவிலிருந்து பார்க்க முடியாது. ஆபிரிக்காவின் திலாப்பியா 1950 களின் தொடக்கத்தில் எமது குளங்களில் விடப்பட்டது. வன்னியிலும் கிழக்கிலும் ஏழைகளின் சட்டியை அது நிரப்பியிருக்கின்றது என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் அடுத்து எந்த மீனை எந்தக் குளத்தில் விடலாம் என்று எவராவது யோசிக்கும்போது, பிவாவின் கதை அவர் காதில் விழ வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் பாஸ் பிடிக்கப் பழகினால் மகிழ்ச்சியே. தடியும் ரீலும் வாங்கிக்கொடுக்கும் பெற்றோர், அந்த நீரின் சட்டத்தையும் அங்கு வாழும் மீனின் பிறப்பிடத்தையும் கூடவே சொல்லிக்கொடுப்பார்களாக.