தெருவில் ஒளிரும் எழுத்து

செய்தித்தாளை மடித்து வைக்கலாம், வானொலியை அணைத்துவிடலாம். தெருவில் ஒளிரும் எழுத்தை நாம் என்ன செய்ய இயலும்? அவ்வழியே நடப்பவர் அதைப் படித்தே தீர வேண்டும்.

1928 நவம்பரில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக் கட்டடமொன்றைச் சுற்றி 14,800 மின்விளக்குகளாலான செய்திப் பட்டை ஓடத் தொடங்கியது. அதிபர் தேர்தலில் ஹூவர் வென்றதைத் தெருவில் நின்றோர் அதில் படித்தனர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த செய்தியும் அதில் ஓடியது. கட்டடம் பேசிற்று, மக்கள் படித்தனர். மறுமொழிக்கு அங்கே வழியில்லை.

2001 செப்டம்பரில் பெர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் அவ்வழி திறந்தது. 'கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்' அமைப்பினர் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல் 8 தளங்களில், தளத்துக்கு 18 என, 144 சன்னல்களின் பின்னே விளக்கேற்றினர். வழிப்போக்கர் தம் கைப்பேசியால் அச்சுவரில் 'பாங்' எனும் பந்தாட்டம் ஆடினர். காதல் மடல்களையும் ஒளிரவிட்டனர்.

இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று மட்டும் சொல்லி நாம் கடந்துவிட முடியாது. யார் பேசலாம், யார் கேட்க மட்டுமே வேண்டும் என்பதை வகுத்தவர் வடிவமைப்பாளரே. இன்றோ சில திரைகள் தம்மைப் பார்ப்போரையே கேமராவால் கணக்கெடுக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடக்க நம்மால் இயலாது. ஆதலால் அத்திரைக்கு எல்லை வகுக்கும் கடமை, அதைப் படைப்பவரையே முதலில் சேர்கிறது.