கல்சட்டியும் பிளினியும்



போன வாரம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வெளிநாட்டிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். கேக் சுடும் பாத்திரம் ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. "டீச்சர், ஸ்டோன்வேர்னு சொல்லித்தான் வித்தாங்க. ஓவன்லேர்ந்து எடுத்த சூட்டோட குழாய்த் தண்ணிய ஊத்திட்டேன். பட்டுனு பிளந்துடுச்சு. கல்லு எப்படி டீச்சர் உடையும்?" என்று கேட்டிருந்தாள்.

இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே 'பட்' சத்தத்தை நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் அணைத்துவிட்டு வந்து படிக்கவும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ஸ்டோன்வேர் என்பது கல் இல்லை, களிமண். சாதாரண மண்சட்டியைச் சுடும் சூட்டைவிட மிக அதிகமாக, ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸில் சுடும்போது மண் துகள்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கல் போல இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் கசியாது. சீனர்கள் 3000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தையில் இறங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் ரைன் ஆற்றுப் பக்கத்துக் குயவர்கள், எரிகிற சூளைக்குள் உப்பை வீசி அதற்குப் பளபளப்பு ஏற்றினார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும் அந்தச் சாதிதான்.

நிஜமான கல்லிலேயே சமைத்த பாத்திரம் ஒன்று நம்மிடம் இருந்தது. அதுதான் கல்சட்டி. மாக்கல்லைக் குடைந்து செய்வது. சேலம் பக்கத்துக் கல்சட்டிக்கு நல்ல பெயர் உண்டு. மாக்கல் மிகவும் மெதுவான கல், நகத்தால் கீறினாலே மாவு உதிரும். பலப்பம் என்றும் இதற்கு ஒரு பெயர். ஆமாம், நீங்கள் சிலேட்டில் எழுதியதும், எனக்குத் தெரியாமல் கடித்துத் தின்றதும் அந்தப் பலப்பம்தான்!

இந்தக் கல் வரலாற்றுப் பாடத்தில் நமக்குத் தெரியாமலே பலமுறை வந்து போயிருக்கிறது. கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய சிந்துவெளி முத்திரை நினைவிருக்கிறதா? ஒற்றைக்கொம்பு மாடு. அந்த முத்திரைகளில் பெரும்பாலானவை மாக்கல்லில் செதுக்கியவை. செதுக்கியபின் சூளையில் சுட்டால் வெளுத்துக் கெட்டிப்படும். 1117இல் கட்டத் தொடங்கிய பேலூர் கோயிலில் நகையணிந்த பெண் சிற்பங்களைப் பார்த்து வாய்பிளந்தீர்களே, அதுவும் இந்தக் கல்லின் உறவுதான். வெட்டி எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், காற்றுப் பட்டு நாளாக ஆக இறுகும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாவிடம் இரண்டு கல்சட்டிகள் இருந்தன. பெரியதில் வத்தக்குழம்பு, சின்னதில் கீரை. இறக்கி வைத்து இலை போட்டு முடிக்கும்வரை குழம்பு அதில் தளபுளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். புளி எத்தனை நேரம் கிடந்தாலும் சுவை கெடாது. 1984இல் எனக்கு வேலை கிடைத்த புதிது. ஏழேகால் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். ஒருநாள் குழம்பைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, கழுவிவைத்துவிட்டுப் போகலாம் என்று, சூட்டோடு சூடாகக் கிணற்றுத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினேன்.

பட்.

கூடத்திலிருந்து அம்மா குரல் வந்தது: "போச்சா?" அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை. மறுநாள் அந்த விரிசல் விட்ட சட்டியில் புளி உருண்டையைப் போட்டு மூடிவைத்திருந்தார். அதன்பின் அந்த வீட்டில் குழம்பு எவர்சில்வர் பாத்திரத்தில்தான் கொதித்தது.

பின்னாளில் விறகடுப்பு போய் கேஸ் வந்தது, குக்கர் வந்தது. 2009இல் அம்மா காலமானபின் சின்னச் சட்டி என்னிடம் வந்தது. பழைய துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். ஓய்வு பெற்ற பிறகு, 2019இல்தான் இறக்கினேன். அம்மா கையில் எண்ணெய் மினுக்கோடு கறுகறுவென்றிருந்த சட்டி, சாம்பல் பூத்து வறண்டு கிடந்தது. மறுபடி அடுப்பேற்ற வேண்டுமென்றால் பழக்க வேண்டும். எப்படிப் பழக்குவது? எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயது வரை அம்மா பக்கத்தில் இருந்தும் அதை ஒருநாள்கூட நான் கேட்கவில்லை.

சித்திக்குப் போன் போட்டேன். அப்போது அவருக்கு 84 வயது. "எண்ணெயும் மஞ்சளும் தடவி வை. அப்புறம் வடிகஞ்சிய ஊத்தி வை" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "சட்டி சொல்லும்" என்றார். கஞ்சி எவ்வளவு சூடு? "முதல்ல கை தாங்குற சூடு. போகப் போகக் கூட்டு." பாடக்குறிப்பு எழுதியே பழகிய எனக்கு இந்தப் பதிலெல்லாம் பிடிபடவே இல்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தேன். தினமும் எண்ணெய், மறுநாள் கஞ்சி. பிறகு சிறு தீயில் வெந்நீர் மட்டும். மூன்றாவது வாரம் சட்டி மெல்லக் கறுக்கத் தொடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கும் பிளினிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

சங்க காலப் பாடத்தில் வருவாரே, அதே ரோமானியர்தான். முசிறியைப் பற்றி எழுதியவர். நம் மிளகுக்காகவும் பட்டுக்காகவும் ரோமின் செல்வம் ஆண்டுதோறும் கிழக்கே போகிறதே என்று புலம்பியவர். முப்பது வருடம் அவரைப் பற்றி ஒரே இரண்டு மதிப்பெண் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் அவருடைய 'இயற்கை வரலாறு' நூலைப் புரட்டினேன். 37 பகுதிகள், கி.பி. 77 வாக்கில் முடித்தது. இரண்டே வருடத்தில், 79இல், வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார்.

கற்களைப் பற்றிய 36ஆம் பகுதியில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. கிரேக்கத்தின் சிப்னோஸ் தீவில் ஒரு கல்லைக் கடைந்து சமையல் பாத்திரம் செய்கிறார்களாம். இத்தாலியில் கோமோ ஊரின் பச்சைக் கல்லிலும் அப்படிச் செய்வதுண்டாம். கோமோ அவர் பிறந்த ஊர். சிப்னோஸ் கல் இயல்பில் மிக மெதுவானது என்றும், எண்ணெயிட்டுச் சூடாக்கினால் கறுத்துக் கெட்டிப்பட்டுவிடும் என்றும் எழுதுகிறார்.

படித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவின் சட்டியைத் தடவிப் பார்த்தேன். சித்தி போனில் சொன்னதை அந்த மனிதர் ஏறக்குறைய 1950 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாக இருக்க வேண்டியதில்லை. கல் ஒன்று, நெருப்பு ஒன்று, அடுப்படியில் நின்றவர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள். கோமோவுக்கு வடகிழக்கே ஆல்ப்ஸ் மலையில் வால்மாலெங்கோ பள்ளத்தாக்கில் இன்றும் கல்சட்டி கடைகிறார்கள். நார்வேயின் வைக்கிங்குகள் கல்சட்டியில் சமைத்தார்கள், கப்பலேற்றி விற்றார்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸில் இன்றும் கல்சட்டிச் சமையல் உண்டு. அங்கேயும் முதலில் எண்ணெய் தடவித்தான் பழக்குகிறார்கள்.

பிளினி ஒரு வரி எழுதியதால் சிப்னோஸ் பெண்களின் கைப்பழக்கம் நமக்குத் தெரிகிறது. நம் வீட்டுப் பெண்களுடையதை எழுதியவர் எத்தனை பேர்? அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன்:

1. புதுச் சட்டியையும் வெகுநாள் சும்மா கிடந்த சட்டியையும் எண்ணெய், மஞ்சள், வடிகஞ்சி கொண்டு பழக்காமல் அடுப்பேற்றாதீர்கள்.

2. வெறும் சட்டியைத் தீயில் வைக்காதீர்கள். சிறு தீயே போதும். முக்கால் பதம் வெந்ததும் இறக்கிவிடலாம், மிச்சத்தைச் சட்டியே பார்த்துக்கொள்ளும்.

3. விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் கை கொடுங்கள்.

4. சோப்பு வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தைக் கரைத்துவிடும். அரப்பு அல்லது சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் போதும்.

5. சட்டி முழுக்க ஆறிய பிறகே தண்ணீர். சூட்டில் ஊற்றினால் தண்ணீர் பட்ட பக்கம் சட்டென்று சுருங்கும், மற்ற பக்கம் சூட்டில் விரிந்தபடியே இருக்கும். அந்த இழுபறியில்தான் பிளக்கிறது.

படம் அனுப்பிய பெண்ணே, ஐந்தாவது விதி உன் பாத்திரத்துக்கும் பொருந்தும். அடுத்து வாங்குவதை ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு. கருகிப் பிடித்த இடத்தில் ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவி, ஊறியபின் மெதுவாகத் தேய். பிளந்ததற்காக வருத்தப்படாதே. உன் டீச்சரும் இதையே செய்தவள்தான்.

சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குப்பின் அந்தச் சின்னச் சட்டி யாருக்கு என்று போன பொங்கலுக்கு ஒரு பேச்சு வந்தது. வரவேற்பறையில் அழகுக்கு வைக்கக் கேட்பவர்களுக்கு இல்லை. யார் ஒரு மாதம் என் வீட்டுக்கு வந்து அதில் கீரை கடைந்து, கழுவி, துடைத்து வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான். பேரனாக இருந்தாலும் சரி.

வீட்டில் அம்மாவோ பாட்டியோ இருப்பவர்கள், இன்றைக்கே ஒன்று கேட்டு எழுதிவையுங்கள். "சட்டி சொல்லும்" என்று பதில் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்