செம்பு தனியாக வருவதில்லை

ஸ்வீடனின் ஃபாலுன் சுரங்கத்தில், பல வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பாதையில், 1719-ல் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. தேங்கிய தண்ணீருக்குள் கிடந்தும் முகம் கெடவில்லை. நேற்றுதான் செத்தவன் போல இருந்தான். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மார்கரேட்டா என்ற பெண்மணி வந்து அடையாளம் சொன்னார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மாட்ஸ். 1677-ல் சுரங்கத்துக்குள் போனவன், திரும்பவில்லை. 42 வருஷத்தில் அவருக்கு வயசாகிவிட்டது, அவனுக்கு ஆகவில்லை.

ஹேபலும் ஹோஃப்மனும் இந்தச் சம்பவத்தை வைத்துக் கதை எழுதினார்கள். ஜெர்மன் இலக்கியத்தில் இது காதல் கதை. எனக்கென்னவோ இது ஒரு கல்லின் கதையாகவும் தெரிகிறது.

அந்தக் கல் சால்கோபைரைட். பித்தளை நிறத்தில் மின்னும். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. சுத்தமான சால்கோபைரைட்டிலேயே எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் செம்பு. ஃபாலுனில் அதுவும் தனியாகக் கிடைக்கவில்லை. சுமார் 190 கோடி வருஷத்துக்கு முன்னால், எரிமலைச் சூட்டில் கொதித்த நீர் பல உலோகங்களைக் கரைத்துக் கொண்டுவந்து பாறைக்குள் சேர்த்தது. அதனால் இரும்பும் கந்தகமும் உள்ள பைரைட், துத்தநாகம் உள்ள ஸ்பேலரைட், காரீயம் உள்ள கலீனா, கொஞ்சம் வெள்ளி, தங்கம் எல்லாம் ஒரே பாறையில். அழைத்தது ஒருத்தரை, வந்தது மொத்தக் குடும்பமும்.

17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு சுரங்கத்திலிருந்து போனது. ஸ்வீடனில் வெள்ளி குறைவு, செம்பு ஏராளம். சரி, செம்பிலேயே காசு அடிப்போம் என்று 1644-ல் அடித்த 10 டாலர் தகட்டின் எடை 19.7 கிலோ! கடைக்குப் போக வண்டி வேண்டும். இதைச் சுமக்க முடியாத அவஸ்தையில்தான் 1661-ல் ஸ்டாக்ஹோம்ஸ் பாங்கோ காகித நோட்டு வெளியிட்டது. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு அதுதான்.

செம்பு எங்கே போனது என்பதற்கு இப்படி நல்ல கணக்கு இருக்கிறது. கூட வந்தவை எங்கே போயின?

கந்தகம் காற்றில் போனது. தாதுவை விறகின் மேல் குவித்து வாரக்கணக்கில் வறுத்தார்கள். 1734-ல் வந்து பார்த்த தாவரவியலாளர் லின்னேயஸ், அந்த விஷப் புகையால் சுற்றிலும் செடியே முளைக்கவில்லை என்று எழுதினார். செடிகளைத் தேடிப் போன மனுஷன்!

உள்ளேயே விடப்பட்ட தாதுவில் காற்றும் நீரும் பட்டு, அன்னபேதி, மயில்துத்தம் போன்ற உப்புகள் உண்டாயின. நம்மூர் நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்த பெயர்கள்தான். அந்தக் கரைசலில்தான் மாட்ஸ் 42 வருஷம் ஊறிக் கிடந்தான். கிருமி அண்டவில்லை. செம்புக்காகச் செத்தவனைச் செம்பின் உப்பே அழுகாமல் வைத்திருந்தது. அதோடு விட்டார்களா? உடலைக் காட்சிக்கு வைத்தார்கள். 1749-ல் புதைத்தார்கள். பிறகு எச்சங்கள் மறுபடி வெளியே வந்தன. 1930-ல்தான் அவனுக்குக் கடைசியாக மண் கிடைத்தது.

இரும்பு, கழிவு மேட்டில் துருப்பிடித்துக் காவி மண்ணானது. அதைக் கழுவி, சுட்டு, அரைத்தால் சிவப்புச் சாயம். 1764 முதல் ஃபாலுனில் அதுவே ஒரு தொழில். ஸ்வீடன் படங்களில் பார்க்கும் சிவப்பு மரவீடுகளின் நிறம் அதுதான்.

1992-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். 2001-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. செம்புத் தகடுகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. கழிவிலிருந்து செய்யும் சாயம் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை உங்கள் திரைக்கு வந்த வழியெங்கும் செம்புக் கம்பி இருக்கிறது. உலகச் செம்பில் பெரும்பங்கு இன்றும் சால்கோபைரைட்டிலிருந்துதான் வருகிறது. இத்தனை டன் செம்பு எடுத்தோம் என்று ஒவ்வொரு வருஷமும் கணக்கு வரும்போது நான் மாட்ஸை நினைத்துக்கொள்வேன். கூட வந்ததெல்லாம் யார் வீட்டுக் காற்றில், யார் ஊர்த் தண்ணீரில் சேர்ந்தது என்று அடுத்த வரியில் இருக்க வேண்டும். அந்த வரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.