கூரையைத் திறந்த குதிரைகள்

கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு தீவு. பனி, மூடுபனி, ஓயாத கடல்காற்று. 1964 ஏப்ரலில் அந்தத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் ஒரு விமானி, ஃபோர்டு டீலரின் கடையில் வெள்ளை நிறக் கார் ஒன்றைப் பார்த்தார். கன்வர்டபிள் வகை, துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். அதுதான் வேண்டும் என்று நின்றுவிட்டார். ஊர் ஊராகக் காட்டுவதற்காக அனுப்பிய வண்டி அது. இருந்தும் டீலர் விற்றுவிட்டார்.

டியர்பார்னில் இருந்த ஃபோர்டு தலைமையகத்துக்கு அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. விற்றுப்போனது வரிசையில் முதல் எண் கொண்ட மஸ்டாங். திருப்பிக் கேட்டார்கள். விமானி கொடுக்கவில்லை. 10,000 மைல் ஓட்டித் தீர்த்த பிறகு, 1966-ல், பத்து லட்சமாவது மஸ்டாங்கை வாங்கிக்கொண்டு பழையதைத் தந்தார். புதிதாக வாங்கிக்கொண்டதும் கன்வர்டபிள்தான். அந்த முதல் வண்டி இன்று டியர்பார்ன் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் குளிர் ஊரில் இரண்டு முறை கூரையில்லாத காரைத் தேர்ந்தெடுத்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் இந்த வாரம் எழுதுகிறேன். ஃபோர்டு மஸ்டாங்கா, ஷெவர்லே கமாரோவா என்று அமெரிக்க வீடுகளில் அப்பனும் மகனும் மல்லுக்கு நின்ற காலம் அது. குதிரைத்திறனை வைத்துத்தான் அந்தச் சண்டையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கூரை திறக்கும் வண்டிகளை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

சென்ற வாரம் பார்த்த போன்டியாக் ஜிடிஓவிலிருந்து தொடங்குவோம். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தின் கட்டளை. அதன் போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதிப் பட்டியலில் நுழைத்தார்கள். விலை 296 டாலருக்குப் பத்து காசு குறைவு. மசில் கார் யுகம் பிறந்தது அப்படித்தான். 1964-ல் விற்ற 32,450 ஜிடிஓக்களில் 6,644 கன்வர்டபிள்கள். ஐந்தில் ஒன்று. இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஏப்ரல் 17-ஆம் தேதி, நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் வெளியானது. ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் காரின் அடித்தளத்தில் நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம் என்று புது உடம்பைப் பூட்டியிருந்தார்கள். ஆரம்ப விலை 2,368 டாலர். மஸ்டாங்கைக் கொண்டுவந்த ஃபோர்டு அதிகாரி லீ அயகோக்காவின் முகம் ஒரே வாரத்தில் டைம், நியூஸ்வீக் இரண்டின் அட்டையிலும் வந்தது. முதல் நாளே 22,000 பேர் பதிவு செய்தார்கள். மஸ்டாங்கை மக்கள் மனதில் பதித்த காட்சிகளையெல்லாம் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கூரை திறந்த வண்டிதான் இருக்கும். அந்த ஆண்டு இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முன்னால் ஓடிய பேஸ் கார் வெள்ளை மஸ்டாங் கன்வர்டபிள். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதையில் ஜேம்ஸ் பாண்டை முந்திப் போவதும் ஒரு மஸ்டாங் கன்வர்டபிள். 1965 அக்டோபரில் ஒரு வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் லிஃப்டில் ஏற்றி, 86-வது மாடியில் மறுபடி பூட்டி நிறுத்தினார்களே, அதுவும் அப்படித்தான்.

முதல் பருவத்தில், 1965 செப்டம்பர் வரைக்குமான கணக்கில், 1,01,945 மஸ்டாங் கன்வர்டபிள்கள் விற்றன.

ஷெவர்லே இரண்டு வருடம் தாமதமாக விழித்தது. 1966 ஜூன் 28 அன்று டெட்ராய்ட்டில் ஒரு ஹோட்டலில் கூட்டம். 14 நகரங்களின் பத்திரிகையாளர்களைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரே நேரத்தில் இணைத்து, புதிய காரின் பெயரைச் சொன்னார்கள். கமாரோ. அப்படியென்றால் என்ன என்று நிருபர்கள் கேட்டபோது, மஸ்டாங்குகளைத் தின்னும் ஒரு சின்னக் கொடிய மிருகம் என்று பதில் வந்ததாக அந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. செப்டம்பர் கடைசியில் வண்டி கடைக்கு வந்தது. நிலையான கூரை உள்ளது 2,466 டாலர், கன்வர்டபிள் 2,704.

1966 இலையுதிர் காலத்தில் ஓஹையோவிலோ இல்லினாயிலோ ஒருவர் இந்த இரண்டு கடைகளுக்கும் நடந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டிலும் ஏறக்குறைய 108 அங்குலம். சாதாரண ஆறு சிலிண்டர் இன்ஜினிலிருந்து பெரிய வி-8 வரை இரண்டிலும் கிடைக்கும். கூரையைக் கையால் மடக்கலாம். கூடுதல் பணம் கொடுத்தால் பொத்தானை அழுத்தி மடக்கலாம். மஸ்டாங் அந்த வருடம்தான் அகலம் கூடி, 390 கன அங்குல, 320 குதிரைத்திறன் இன்ஜினைச் சுமக்கத் தயாராகியிருந்தது. கமாரோவின் எஸ்எஸ் வகையில் 350 கன அங்குலம், 295 குதிரைத்திறன். சீக்கிரமே 396-ம் வந்து சேர்ந்தது.

வித்தியாசம் வண்டிக்கு அடியில் இருந்தது.

பழைய கார்களில் லாரியைப் போலத் தனிச் சேசிஸ் உண்டு. கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாரத்தைச் சேசிஸ் தாங்கும். மஸ்டாங்குக்கும் கமாரோவுக்கும் அப்படி முழுநீளச் சேசிஸ் கிடையாது. தரை, பக்கச்சுவர், கூரை எல்லாவற்றையும் வெல்டிங் செய்து ஒரே கூடாக்கி, அந்தக் கூடே பாரம் தாங்கும்படி அமைத்திருந்தார்கள். பந்தற்கால்களை மேலே பிணைத்திருக்கும் குறுக்கு மூங்கில்களை அவிழ்த்துவிட்டால் கால்கள் எப்படி ஆடும்? கூரையை வெட்டியெடுத்த கூடும் அப்படித்தான் ஆடும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், கண்ணாடிச் சட்டம் நடுங்கும், கதவு கிறீச்சிடும். ஃபோர்டு இதற்குக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தைத் தடிப்பாக்கி, தரையிலும் கூடுதல் தகடுகளை வெல்டிங் செய்தது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் பலித்தது.

ஷெவர்லேயின் வைத்தியம் நூதனமானது. கமாரோவில் இன்ஜினைத் தாங்கும் முன்பக்கச் சட்டம் தனி. ரப்பர் வைத்துப் போல்ட் போட்டு உடம்போடு பிணைத்திருப்பார்கள். எனவே வண்டி மொத்தமாகச் சற்று மென்மையாகப் போகும். கன்வர்டபிளில் நடுக்கம் அடங்கவில்லை என்றதும், வண்டியின் நான்கு மூலைகளிலும் உருளை வடிவத்தில் ஒவ்வொரு டப்பாவை வைத்தார்கள். உள்ளே ஸ்பிரிங்கில் மிதக்கும் கனமான எடை. வண்டி ஒரு பக்கம் நடுங்கினால் எடை எதிர்ப்பக்கம் ஆடி நடுக்கத்தை விழுங்கும். காக்டெய்ல் குலுக்கும் டப்பா என்றே பட்டறைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பழைய கமாரோ வாங்கப் போகிறவர்கள் இன்றும் முதலில் குனிந்து பார்ப்பது அந்த நான்கு டப்பாக்களும் இருக்கின்றனவா என்றுதான். கூரை உள்ள காரை வெட்டிக் கன்வர்டபிள் ஆக்கிய ஏமாற்று வேலை அதில் தெரிந்துவிடும்.

இங்கேதான் அந்தக் காலத்துக் கார் பத்திரிகைகள் பெரிதாகப் பேசாத முரண்பாடு இருக்கிறது. மசில் காரின் உயிர் இன்ஜினின் முறுக்குவிசை. கன்வர்டபிளின் பலவீனமும் முறுக்குதான். கூரையை எடுத்ததற்கு ஈடாகச் சேர்த்த இரும்பால் வண்டியின் எடை கூடும். அந்த எடையை இழுக்க இன்னும் பெரிய இன்ஜின் வேண்டும். அந்த இன்ஜின் கூட்டை இன்னும் முறுக்கும். கால் மைல் பந்தயத்தில் ஓட்டுகிறவன் கன்வர்டபிள் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டான். பந்தயத்துக்கென்றே செய்த கமாரோ இசட்-28 வகை, கூரையுள்ள வண்டியாக மட்டுமே விற்பனைக்கு வந்தது. ஒரே ஒரு விதிவிலக்கு, 1968-ல் ஷெவர்லே தலைவர் பீட் எஸ்டிஸ் ஓட்டிப் பார்ப்பதற்காகச் செய்த கன்வர்டபிள். கன்வர்டபிள்தான் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்து, அவர் மனதை இளக்கவே அப்படிச் செய்தார்கள்.

ஆகவே பெரிய இன்ஜின் போட்ட கன்வர்டபிளை வாங்கியவர், எது வேகம் என்று கேட்டுவிட்டு வாங்கவில்லை. அந்த இன்ஜினின் ஓசையை நடுவில் ஒரு தகரக்கூரை இல்லாமல் கேட்க வேண்டும் என்று வாங்கினார். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. என்னைக் கேட்டால், கன்வர்டபிளாக ஓட்டிச் சுகப்பட 289 கன அங்குல வி-8 போட்ட 1965, 1966 மஸ்டாங்தான் சரி. அந்த உடம்புக்கு அந்த இன்ஜின் போதும், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் 1969 கமாரோ.

1969 கமாரோவின் அழகை உலகம் பார்த்ததும் இண்டியானாபோலிஸில்தான். 1967-லேயே வெள்ளைக் கமாரோ கன்வர்டபிள் அங்கே பேஸ் காராக ஓடியிருந்தது. 1969-ல் மறுபடி கமாரோவுக்கே அழைப்பு. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், உள்ளே ஆரஞ்சுக் கட்டம் போட்ட இருக்கைத் துணி. அதே தோற்றத்தில் பொதுமக்களுக்கும் 3,675 வண்டிகள் விற்றார்கள். பந்தயத்தில் வென்றவர் மாரியோ ஆண்ட்ரெட்டி. அந்த மே மாதத்தில் அந்த வெள்ளையும் ஆரஞ்சும் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த நிறங்களாகிவிட்டன.

கன்வர்டபிள் விற்பனையில் கமாரோ மஸ்டாங்கை முந்தியதும் அந்த ஆண்டுதான். 1969-ல் கமாரோ 17,573. மஸ்டாங் 14,746. மிருகம் குதிரையைத் தின்றுவிட்டது என்று ஷெவர்லேக்காரர்கள் கொண்டாடியிருக்கலாம். ஆனால் முந்தைய ஆண்டுகளின் கணக்கை அருகில் வைத்துப் பாருங்கள். கமாரோ 1967-ல் 25,141, 1968-ல் 20,440. மஸ்டாங் 1966-ல் 72,119, அடுத்த ஆண்டு 44,808, அதற்கடுத்த ஆண்டு 25,376. கமாரோ ஏறி முந்தவில்லை. இரண்டும் இறங்கிக்கொண்டிருந்தன, மஸ்டாங் வேகமாக இறங்கியது, அவ்வளவுதான். 1964-ல் ஜிடிஓ வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் கூரையைத் திறந்தார் என்று சொன்னேனே, 1969-ல் மஸ்டாங் வாங்கியவர்களில் இருபதில் ஒருவர்தான் திறந்தார்.

மஸ்டாங்கை விட்டு வெளியேறியவர்கள் கமாரோவுக்கும் போகவில்லை, கூரைக்குள் போனார்கள். 1956 சட்டத்தால் விரிந்த இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 70 மைல் வேகத்தில் கூரையைத் திறந்தால் காற்று அறையும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஏர் கண்டிஷனர் ஆடம்பரம் என்ற நிலை மாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் அது இருந்தது. வெயிலுக்குக் கூரையைத் திறந்த தலைமுறை, வெயிலுக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. ஓட்டுபவர் இளைஞர், இன்ஜின் பெரிது என்றால் இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி வரப்போகிறது என்ற பேச்சு டெட்ராய்ட்டைப் பயமுறுத்தியது. துணிக்கூரை அந்தச் சோதனையில் தேறாது.

1970-ல் வந்த புதிய கமாரோவில் கன்வர்டபிள் வகையே இல்லை. போட்டியில் ஜெயித்த மறுவருடமே களத்தை விட்டுப் போய்விட்டது.

அந்த இடத்துக்குக் கடைசியாக ஓடிவந்தவர்கள் கிரைஸ்லர்காரர்கள். டாட்ஜ் சாலஞ்சர், பிளிமத் குடா. இரண்டிலும் 426 கன அங்குல ஹெமி இன்ஜினோடு கன்வர்டபிள் கேட்டு வாங்கலாம். கேட்டவர்கள்தான் இல்லை. 1970-ல் ஹெமி குடா கன்வர்டபிள் 14 மட்டுமே விற்றது. அடுத்த வருடம் அதைவிடக் குறைவு.

1971 மே 29. இண்டியானாபோலிஸில் பேஸ் கார் தர பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. உள்ளூர் டாட்ஜ் டீலர்கள் சேர்ந்து ஆரஞ்சு நிறச் சாலஞ்சர் கன்வர்டபிள்களைத் தந்தார்கள். ஓட்டியவரும் அந்த டீலர்களில் ஒருவர். உள்ளே விண்வெளி வீரர் ஜான் கிளென், பந்தயத்திடலின் உரிமையாளர் டோனி ஹல்மன், தொலைக்காட்சி வர்ணனையாளர் கிறிஸ் ஷென்கெல். பந்தயத்தைத் தொடங்கிவைத்துவிட்டுப் பிட் பாதைக்குள் திரும்பிய வண்டி, வேகம் குறையாமல் வந்து, புகைப்படக்காரர்கள் நின்ற மேடையில் மோதியது. இருபது பேருக்கு மேல் காயம். உயிர்ச்சேதம் இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் மஸ்டாங் பவனி வந்த அதே திடல். அந்த ஆண்டோடு சாலஞ்சர், குடா கன்வர்டபிள்கள் நின்றுபோயின.

மஸ்டாங் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு போனது. 1972-ல் 6,401. இனி கன்வர்டபிள் கிடையாது என்ற செய்தி பரவியதும் 1973-ல் 11,853 பேர் ஓடிவந்து வாங்கினார்கள். எந்தப் பாதுகாப்பு விதிக்கு எல்லோரும் பயந்தார்களோ, அது கன்வர்டபிள்களை ஒழித்துவிடக் கூடாது என்று 1972 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தடுத்தும் விட்டது. ஆனால் அதற்குள் தொழிற்சாலைகளில் அச்சுகளை மாற்றியிருந்தார்கள். 1976 ஏப்ரலில் கடைசி அமெரிக்கக் கன்வர்டபிள் என்ற அறிவிப்போடு ஒரு கேடிலாக் எல்டொராடோ டெட்ராய்ட் ஆலையிலிருந்து வெளியே வந்தது.

அன்று யாரும் விரும்பாத அந்த ஹெமி குடாக்களில் ஒன்று, 1971-ல் செய்தது, 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

லீ அயகோக்காவை 1978-ல் ஃபோர்டு வேலையைவிட்டு நீக்கியது. அவர் கிரைஸ்லருக்குப் போனார். கம்பெனி திவாலின் விளிம்பில் நின்றது. அந்த நெருக்கடிக்குள்ளேயே, விற்பனையில் இருந்த லெபரான் காரில் ஒன்றை எடுத்து, கலிபோர்னியாவில் கூரையை வெட்டவைத்து, தானே ஓட்டிக்கொண்டு தெருவில் போனார். சிக்னலிலும் கடை வாசலிலும் ஜனங்கள் வழிமறித்து, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அதற்குமேல் சந்தை ஆய்வு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. 1982-ல் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு, மசில் என்ற பேச்சே இல்லாமல், லெபரான் கன்வர்டபிள் கடைக்கு வந்தது. நினைத்ததைவிடப் பல மடங்கு விற்றது. அடுத்த வருடம் ஃபோர்டு மஸ்டாங்கின் கூரையை மறுபடி திறந்தது. கமாரோவுக்கு 1987 ஆனது.

(தொடரும்)