பதினைந்து இருபதுகளும் ஒரு வாடகை வீடும்

வீடு பார்க்கப் போன இடத்தில்தான் இது தொடங்கியது. பார்வையற்ற தோழி ஒருத்தி, பள்ளியில் ஆசிரியை, ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து தனியாகக் குடியிருக்க வேண்டுமென்றாள். கூடப் போனேன். வீட்டுக்கார அம்மா அவளிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். "தனியா அடுப்பு பத்த வச்சு ஏதாச்சும் ஆயிட்டா யாரும்மா பதில் சொல்றது? இவங்களுக்குன்னு ஹோம் இருக்குமே, அங்க விடலாமில்ல?" திரும்பும்போது தோழி கேட்டாள்: "ஹோம்னா வீடுதானக்கா. வீடு கேட்டா ஏன் ஹோமுக்குப் போகச் சொல்றாங்க?"

இந்த 'ஹோம்' எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் பாரிஸில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் லூயி மன்னன் 1260 வாக்கில் நிறுவிய இல்லத்திற்குக் கான்ஸ்-வான் என்று பெயர். பதினைந்து இருபதுகள் என்று பொருள். அதாவது முந்நூறு பேருக்கான இடம். சிலுவைப்போரில் கண் பறிக்கப்பட்ட முந்நூறு வீரர்களுக்காகக் கட்டினார்கள் என்பது பின்னால் புனைந்த கதை. உள்ளே இருந்தவர்கள் நகரத்து ஏழைகள், பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். ஆணும் பெண்ணும், கண் தெரியாதவர்களும் அவர்களுக்குத் துணையாகக் கண் தெரிந்தவர்களும் ஒரே வளாகத்திற்குள் குடித்தனம் நடத்தினார்கள். கூடிப் பேசி முடிவெடுக்க ஒரு சபையும் இருந்தது. நம்மூர் ஹாஸ்டல் வார்டன்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். ஆனால் சும்மா கிடைத்த இடமில்லை. நுழைகிறவர் தன் சொத்தை இல்லத்திற்கு எழுதிவைக்க வேண்டும். யாரை மணப்பது என்பதிலும் இல்லம் தலையிடும். பார்வையற்ற இருவர் ஒருவரையொருவர் மணப்பதை விதிகள் தடுத்தன.

1825இல் இந்த இல்லத்தின் இயக்குநருக்கு உதவி நாடி ஒரு கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. அனுப்பியவர் தெரேஸ்-அதேல் ஹுஸோன். நான்ஸி நகரத்துப் பெண், வயது இருபத்திரண்டு, கைக்குழந்தையிலேயே அம்மையில் பார்வை போனவர். லூயி பிரெய்ல் தன் புள்ளி எழுத்தை நூலாக வெளியிட இன்னும் நான்கு வருடம் இருந்தது. ஆகவே அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியது. குரலைக் கொண்டு மனிதர்களை எடைபோடுவது, துணியை விரலால் அறிவது என்று ஒரு பார்வையற்ற பெண் தன் உலகத்தைத் தானே சொல்லும் பிரதி அது. அதே பிரதி கல்யாணத்தைப் பற்றியும் பேசுகிறது: பார்வையற்ற பெண்கள் மணம் செய்துகொள்ளாமலிருப்பதே நல்லது, பார்வையற்றவனை மணப்பது பெருங்கேடு.

அடுத்த வருடம், 1826இல், அவர் ஒரு பார்வையற்றவரை மணந்துகொண்டார். மாப்பிள்ளையின் பெயர் பியர் ஃபூக்கோ. (நம் பத்திரிகைகள் மந்திரம்போல உச்சரிக்கும் ஃபூக்கோ இல்லை. இவர் பிற்பாடு பிரெய்லோடு சேர்ந்து பார்வையற்றோர் எழுதுவதற்கு ஓர் இயந்திரம் செய்தவர்.) இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஹுஸோன் நாவல்கள் எழுதினார், அவை அச்சிலும் வந்தன.

முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விண்ணப்பம் என்கிற பிரதியை எப்படி வாசிப்பது என்பதுதான் இங்கே சிக்கல். கேட்கிறவள் கொடுக்கிறவன் காதுக்கு ஏற்றபடிதான் பேச வேண்டியிருக்கிறது. இல்லத்தின் விதி எதுவோ அதையே தன் கருத்தாகச் சொல்லிக்காட்டினால்தான் கதவு திறக்கும். எங்கள் ஊரில் மனு எழுதிக்கொடுப்பவர் 'ஆதரவற்ற' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லித் தோழியிடம் மல்லுக்கு நின்றது நினைவுக்கு வந்தது. அவள் மாட்டேனென்றாள். ஹுஸோன் எழுதிக்கொடுத்துவிட்டுத் தன்னிஷ்டப்படி வாழப் போய்விட்டார்.

அந்த வாழ்க்கை நீளவில்லை. 1831இல், குடியிருந்த இடத்தில் பற்றிய தீயில் பட்ட காயங்களால் இறந்துபோனார். இதைத் தோழியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். வீட்டுக்கார அம்மாவுக்கு நானே சாட்சி பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? கடைசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். "நம்மூர்ல ஸ்டவ் வெடிச்சுச் செத்த மருமகளுக்கெல்லாம் கண்ணு தெரியாமலாக்கா இருந்துச்சு?"

அவள் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. அடுப்புக் குமிழில் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு மேடான புள்ளி. புதுத் தெருவில் வெள்ளைத்தடியோடு வழி பழகும்வரை சில நாள் கூடவர ஓர் ஆள். ஒப்பந்தம் அவள் பெயரில். உதவிக்கு வருகிறவர் கதவைத் தட்ட வேண்டும், சாவி அவளிடம் இருக்க வேண்டும். ஹோமில் இது தலைகீழ். சாவி உதவி செய்கிறவர் கையில். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, எங்கே யாரோடு வசிப்பது என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வசிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தக் கூடாதென எழுதியாயிற்று. நாங்கள் ஏறி இறங்கிய படிகளில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஹுஸோனின் பிரதி அந்த இல்லத்தின் ஆவணங்களுக்குள் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. ஸினா வேய்காந்தும் கேதரின் குட்லிக்கும் பதிப்பித்து 2001இல் ஆங்கிலத்தில் வந்தது.

நேற்றுப் பார்த்தது ஏழாவது வீடு. வீட்டுக்காரர் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்து, "இவங்களுக்கு யாரு சமைப்பா?" என்றார். நான் பதில் சொல்லாமல் இறங்கி வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே இரண்டு பேரும் அட்வான்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.