பெயர் மாறிய பாடம்: இந்தியப் பள்ளிகளில் பாலியல் கல்வி

இந்தியாவில் பாலியல் கல்வி தன் சொந்தப் பெயரில் அரசுப் பள்ளிக்குள் நுழைந்ததே அரிது. மக்கள்தொகைக் கல்வி, எய்ட்ஸ் கல்வி, வளரிளம் பருவக் கல்வி, வாழ்க்கைத் திறன் கல்வி, பள்ளி உடல்நலத் திட்டம் என வேறு வேறு பெயர்களைத் தாங்கித்தான் வந்தது. கூச்சம் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்தந்தக் காலத்தில் அரசை உறுத்திய ஓர் அச்சம் இருந்தது. பாடத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை அந்த அச்சமே பெரும்பாலும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விடுதலைக்கு முன்பு இந்த விவாதம் பள்ளிக்கு வெளியே நடந்தது. கர்ப்பத்தடைப் பிரசாரத்துக்காகக் கணிதப் பேராசிரியர் வேலையை இழந்த ர. தோ. கார்வே, 1927இல் பம்பாயில் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். அதற்காக ஆபாச வழக்குகளைச் சந்தித்தார். ஒரு வழக்கில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். தமிழகத்தில் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் வறுமையையும் காரணமாகச் சொன்னபோது, பெண்ணின் சுதந்திரத்துக்காகவே அது வேண்டும் என்றார் அவர். உடல் பற்றிய அறிவை உரிமையாகக் கண்ட இந்தப் பார்வை, பின்னர் வந்த அரசுத் திட்டங்களில் மங்கிப்போனது.

1952இல் குடும்பக் கட்டுப்பாடு தேசியத் திட்டமாயிற்று. நெருக்கடிநிலைக் காலத்தின் கட்டாயக் கருத்தடைகள் அந்தச் சொல்லையே கசக்கச் செய்ததால், 1977இல் அது ‘குடும்ப நலம்’ என்று பெயர் மாறியது. 1980இல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. பிறப்பு விகிதம், வள ஆதாரம், சிறு குடும்பத்தின் நன்மை ஆகியவையே அதன் மையம். குழந்தைகள் ஏன் குறைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவை எப்படிப் பிறக்கின்றன என்பதை உயிரியல் பாடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். உயிரியல் ஆசிரியரோ, “இனப்பெருக்கம் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். தமிழ்நாட்டில் படித்த பலருக்கு இது பழகிய காட்சி.

அடுத்த அச்சம் சென்னையிலிருந்து தொடங்கியது. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகளை வேலூரில் பரிசோதித்தபோது, இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் தெரியவந்தன. அதன்பின் பாலுறவைப் பற்றிப் பொதுவெளியில் பேச அரசுக்கே ஒரு நியாயம் கிடைத்தது. ஆணுறை நோய்த்தடுப்புச் செய்தியாகச் சுவரொட்டிக்கு வந்தது. வகுப்பறையில் பாலுறவு, நோய் பரவும் வழிகளில் ஒன்றாக, ரத்தம் ஏற்றுதலுக்கும் ஊசிக்கும் பக்கத்தில் எண்ணிட்டு அமர்ந்தது. 1994இல் கெய்ரோவில் கூடிய மக்கள்தொகை மாநாடு வளரிளம் பருவத்தினரின் இனப்பெருக்க நலத்தை உலக அரசுகளின் கடமையாக்கியிருந்தாலும், இங்கே கதவைத் திறந்தது எய்ட்ஸ்தான்.

இந்த வரலாற்றின் முடிச்சு 2005க்கும் 2009க்கும் இடையில் விழுகிறது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஆசிரியர்களுக்கான கையேட்டிலும் படத்தாள்களிலும் இருந்த உடலுறுப்புப் படங்களால் கொந்தளிப்பு எழுந்தது. 2007இல் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் திட்டத்தை ஏற்க மறுத்தன. இதைக் கட்சி அரசியலாக மட்டும் படிப்பது தவறு; அப்போது மகாராஷ்டிரத்தை ஆண்டது மத்தியில் இருந்த அதே காங்கிரஸ் கூட்டணி. படங்களை நீக்கிக் கையேட்டைத் திருத்தியும் எதிர்ப்பு அடங்கவில்லை. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று 2009இல் பரிந்துரைத்தது. திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்பதே மாணவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி என்றது. எச்ஐவி பற்றிய பாடங்களையும் மேல்நிலை உயிரியலுக்கு ஒத்திவைக்கச் சொன்னது. ஆதரித்தவர்கள் நோயைக் காட்டினார்கள், எதிர்த்தவர்கள் பண்பாட்டைக் காட்டினார்கள். தன் உடலில் நடப்பது தெரியாமல் தவிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கேள்வி இரு தரப்பின் வாதத்திலும் ஓரத்தில்தான் நின்றது.

இத்தனைக்கும் நடுவில் ஜார்க்கண்ட் 2006 முதல் தன் அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியை நடத்திவந்தது. திட்டத்துக்கு இட்ட பெயர் ‘உடான்’, அதாவது பறத்தல்.

2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தபின் அச்சம் குற்றத்தின் பக்கம் திரும்பியது. ‘பாலியல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘வன்கொடுமை’யோ ‘தொல்லை’யோ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் நிலை இன்று. நல்ல தொடுதல், தீய தொடுதல் என்று தொடக்கப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். மிகவும் தேவையானதுதான். ஆனால் உடலைப் பற்றிப் பள்ளியில் கேட்கும் முதல் பேச்சே ஆபத்தைப் பற்றியதாக இருப்பது என் கண்ணில் ஒரு குறை. 2020இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவத் திட்டத்தின் கீழ் வந்த பள்ளி உடல்நலத் திட்டம் 11 கருப்பொருள்களை வகுத்து, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சொன்னது. இனப்பெருக்க நலம் அந்தப் பதினொன்றில் ஒன்று. அது வந்த சில வாரங்களிலேயே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன.

கடைசித் திருப்பமும் சென்னையோடு தொடர்புடையது. குழந்தைகளைக் காட்டும் ஆபாசக் காணொளி குறித்த ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று அதை மாற்றித் தீர்ப்பளித்தது. பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு, ஒழுக்கத்தைக் கெடுப்பது என்ற எண்ணங்களைத் தவறென்று சொன்ன நீதிபதிகள், முழுமையான பாலியல் கல்வித் திட்டம் வகுக்க நிபுணர் குழு அமைப்பது பற்றி ஆலோசிக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டார்கள். வெற்றிக்கு உதாரணமாக அவர்கள் சுட்டியது, பெயரில் பாலியலே இல்லாத அந்த ஜார்க்கண்ட் திட்டத்தை.